கொத்தப்பன் வெட்டிய புலிக்கால்

கருங்காலிக் காட்டில் கொத்தப்பன் என்றொரு மரங்கொத்தி இருந்தான். தன் அலகுக்கு ஈடான அலகு எந்தக் காட்டிலும் கிடையாது என்பது அவன் எண்ணம். அவன் மனைவி செவ்வந்திக்கு வேறு எண்ணம்.

"அலகு சரிதான். அதற்குப் பின்னால் இருக்கிற தலைதான் காலி!" என்பாள்.

அந்தக் கோடையில் காடு முழுக்க ஒரே ஒரு குட்டையில்தான் தண்ணீர் இருந்தது. அதுவும் சும்மா கிடைக்கிற தண்ணீர் இல்லை. குட்டைக்கு அடியில் ஓர் ஊற்று. தினமும் இறங்கிச் சேற்றை அள்ளினால்தான் ஊற்றுக்கண் திறந்திருக்கும். கொஞ்சம் அசந்தாலும் மண் மூடிக்கொள்ளும்.

ஆகவே புலிராஜா ஒரு சட்டம் போட்டார்.

"பகலில் தோண்டுகிறவர்களுக்கு மாலையில் ஒரு தேக்கிலை கொடுப்பேன். அதில் என் கால் முத்திரை இருக்கும். அதைக் காட்டினால் தண்ணீர் குடிக்கலாம். இல்லாவிட்டால் அந்த இலையைக் கொடுத்துக் கிழங்கோ தேனோ வாங்கிக்கொள்ளலாம். என் முத்திரையைப் போலியாகச் செய்கிறவனை என்ன செய்வேன் என்று கேட்காதீர்கள். எனக்குப் பசி எடுத்துவிடும்!"

யாரும் கேட்கவில்லை.

மாலையானால் ராஜா செம்மண் குழம்பில் முன்னங்காலைத் தோய்ப்பார். கொட்டாவி விட்டுக்கொண்டே இலை இலையாக அழுத்துவார். குட்டைக்கரையில் மொக்கையன் என்ற காட்டுப்பன்றி காவல் இருந்தான். இலையை வாங்குவான், முத்திரையைப் பார்ப்பான், "ம், போ!" என்பான். வாங்கின இலையை அங்கேயே மென்று தின்றுவிடுவான். ஒரே இலையை இன்னொருவர் காட்ட முடியாது பாருங்கள்.

செவ்வந்தி தினமும் குட்டைக்குப் போய் ஊற்றுக்கண்ணை அடைக்கும் வேர்களைக் கொத்தி இழுத்துப் போடுவாள். கிடைத்த இலைகளில் பாதியைப் பொந்தில் சேர்த்து வைத்தாள். முட்டையிட்டு அடைகாக்கும்போது வேலைக்குப் போக முடியாதே! கொத்தப்பன் மட்டும் போகவில்லை. சேற்றில் இறங்கினால் அலகு மழுங்கிவிடுமாம்.

சேற்றில் இறங்காத இன்னொருவன் சந்தனம் என்ற மரநாய். தன் உடம்பு வாசனை கெட்டுவிடும் என்பது அவன் சொன்ன காரணம். வேலை செய்யப் பிடிக்காது என்பது உண்மைக் காரணம்.

ஒருநாள் சந்தனம் கொத்தப்பனின் மரத்தடிக்கு வந்தான். மேலே பார்த்துப் பெருமூச்சு விட்டான்.

"அண்ணே, உங்கள் கைவண்ணத்தை, இல்லை இல்லை, அலகுவண்ணத்தைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. இப்படிப்பட்டவர் புழு பொறுக்கிக்கொண்டு இருக்கலாமா?"

"வேறென்ன செய்யச் சொல்கிறாய்?" என்றான் கொத்தப்பன். மார்பு தானாக நிமிர்ந்தது.

"ராஜாவின் கால்தடத்தை ஒரு மரக்கட்டையில் வெட்ட முடியுமா? அப்படியே, அச்சு அசலாக? முடியாது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். நான்தான் கொத்தப்பண்ணன் வெட்டுவார் என்று சண்டை போட்டேன்."

"முடியாது என்று எவன் சொன்னது?"

"எவனாவது சொல்லியிருப்பான், விடுங்கள்!"

"அதை வைத்து நீ என்ன செய்வாய்?"

"அதைப் பற்றி உங்களுக்கு என்ன கவலை? நீங்கள் மரத்தைக் கொத்துகிறீர்கள். மரங்கொத்தி மரத்தைக் கொத்தக் கூடாது என்று சட்டம் இருக்கிறதா?"

அச்சு எதற்கு என்று கொத்தப்பனுக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் அது அவனுக்கு நியாயமாகப் பட்டது. நமக்கு வேண்டியதை ஒருவன் சொன்னால் அது நியாயமாகத்தான் படும்.

ஈர மண்ணில் பதிந்திருந்த ராஜாவின் தடத்தைப் பார்த்துப் பார்த்து அவன் வேப்பங்கட்டையில் வெட்டினான். பட்டப்பகலில் டொக் டொக் என்று சத்தம் கேட்டது. மரங்கொத்தி கொத்துகிற சத்தத்தை யார் சந்தேகப்படுவார்கள்? உள்ளங்காலின் மேடு, விரல்களின் வளைவு, எதுவும் தப்பவில்லை. முடிந்ததும் கொத்தப்பனுக்கே கண் கலங்கியது. ராஜாவின் சொந்தக் கால்கூட இவ்வளவு லட்சணமாக இல்லை!

சந்தனம் கட்டையை வாங்கிக்கொண்டு, கொழுத்த புழுக்களை ஒரு குவியல் வைத்துவிட்டுப் போனான்.

"இவ்வளவு புழு ஏது?" என்றாள் செவ்வந்தி.

"என் திறமைக்குக் கிடைத்த மரியாதை!"

"உன் திறமைக்கு இவ்வளவு மரியாதை செய்கிறவன் யோக்கியனாக இருக்க மாட்டானே!" என்றாள் அவள். ஆனால் முட்டையிடும் நேரம், நல்ல பசி. புழுக்களைத் தின்றுவிட்டாள்.

சந்தனம் புதருக்குள் உட்கார்ந்து அச்சைச் செம்மண்ணில் தோய்த்துத் தோய்த்து இலைகளில் குத்தினான். முதலில் தான் குடிக்க. அப்புறம் கிழங்குக்கு விற்க. பகல் முழுக்கத் தோண்டினால் ஓர் இலை. சந்தனத்திடம் போனால் இரண்டு கிழங்குக்கு ஓர் இலை! முயல்கள் வந்தன, மான்கள் வந்தன. சிலருக்கு இது கள்ள இலை என்று தெரியும். கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார்கள். சிலருக்குத் தெரியாது. மொக்கையனுக்கு எதுவுமே தெரியாது. "ம், போ!" என்று மென்றுகொண்டே இருந்தான். அவனுக்குத்தான் கொண்டாட்டம். இரண்டு சுற்றுப் பெருத்துவிட்டான்.

தோண்ட வருகிறவர்கள் குறைந்தார்கள். செவ்வந்தியும் முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கிவிட்டாள். கடைசியில் பொம்மி என்ற பெருச்சாளி மட்டும் சேற்றில் இறங்கினாள். அவளிடம் கிழங்கும் இல்லை, வேறு வழியும் இல்லை. வளையில் குட்டிகள் இருந்தன. ஊற்றுக்கண் சுருங்கியது. தண்ணீர் குழம்பியது.

இந்தச் சமயம் பார்த்து ராஜாவுக்கு ஒரு விபத்து. கரடி இல்லாத நேரத்தில் கரடியின் தேனடைக்குள் காலை விட்டார். ராஜா என்றும் பாராமல் தேனீக்கள் கொட்டித் தீர்த்துவிட்டன. கால் பலாப்பழம் போல வீங்கிவிட்டது. "முள் குத்திவிட்டது" என்று அரண்மனைக் குகையில் சொல்லிக்கொண்டார். அன்று மாலை பொம்மிக்கு மட்டும், பல்லைக் கடித்துக்கொண்டு, அந்த வீங்கின காலால் ஒரு முத்திரை வைத்தார்.

மறுநாள் பொம்மி அந்த இலையோடு குட்டைக்குப் போனாள். கொத்தப்பன் கரையோர மருதமரத்தில் உட்கார்ந்து, தன் அச்சு பதிந்த இலைகள் வரிசையாக வருவதை ரசித்துக்கொண்டிருந்தான்.

மொக்கையன் பொம்மியின் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "என்ன இது? யாரோ பலாப்பழத்தை மிதித்த மாதிரி இருக்கிறது! கள்ள இலையா?"

"ஐயோ, ராஜாவே என் கண்ணெதிரில் வைத்தது சாமி! நேற்று முழுக்கத் தோண்டினேன். தொண்டை ஒட்டிக்கொள்கிறது. குட்டிகளுக்குப் பால் இல்லை."

"யாரிடம் கதை விடுகிறாய்?" மொக்கையன் ஒரு மானிடமிருந்து வாங்கிய இலையை உயர்த்திக் காட்டினான். "இதைப் பார்! இதுதான் ராஜா முத்திரை. எவ்வளவு அழகு!"

மரத்தின் மேல் கொத்தப்பனுக்கு உச்சி குளிர்ந்தது. அடுத்த நொடி பொம்மி கரையிலேயே சுருண்டு விழுந்தாள். குளிர்ந்த உச்சி அப்படியே உறைந்துபோனது. எது உண்மை இலை என்று அந்தக் கூட்டத்தில் பார்த்தவுடனே சொல்லக்கூடியவன் அவன் ஒருவன்தான். வாயைத் திறந்தால் தலை போகும். அலகை இறுக மூடிக்கொண்டான்.

கூச்சல் கேட்டு ராஜாவே நொண்டிக்கொண்டு வந்தார். "என்ன சத்தம்?"

"மகாராஜா! இவள் கள்ள இலை கொண்டுவந்தாள்!"

ராஜா பார்த்தார். "முட்டாளே, அது என் கால்!"

மொக்கையன் முத்திரையைப் பார்த்தான். ராஜாவின் காலைப் பார்த்தான். "முள் குத்தினால் இவ்வளவா வீங்கும்?" என்று கேட்டுவிட்டு, ஏன் கேட்டோம் என்று நடுங்கினான். பின்வரிசையில் கரடி மட்டும் முறைத்தது.

"முதலில் அவளுக்குத் தண்ணீர் கொடு!" என்று ராஜா உறுமினார். பொம்மியின் வாயில் தண்ணீர் விட்டார்கள். அவள் கண் திறந்தாள்.

ராஜா மானின் இலையை வாங்கினார். "பல நாளாக நான் முத்திரை வைத்தது இவள் ஒருத்திக்குத்தான். அப்படியானால் இத்தனை பேர் கையில் இருப்பது எவன் கால்? இதைப் பாருங்கள், விரலா இது? சொத்தைக் கத்தரிக்காய்! குருடன் வெட்டினால்கூட இதைவிட நன்றாக வெட்டுவான்!"

தலை போனாலும் சும்மா இருந்திருப்பான். கத்தரிக்காயைத்தான் கொத்தப்பனால் தாங்க முடியவில்லை.

"கத்தரிக்காயா? அந்த வளைவுக்கு நான் பட்ட பாடு தெரியுமா!" என்று மரத்திலிருந்து கத்திவிட்டான்.

குட்டைக்கரையே அண்ணாந்து பார்த்தது.

"இறங்கி வா, கலைஞனே!" என்றார் ராஜா.

கூட்டத்தில் நின்றிருந்த சந்தனம் மெல்லப் புதர்ப் பக்கம் நழுவினான். அவனுடைய வாசனை அவனுக்கு முன்னே போனது. கரடி அவன் வாலைப் பிடித்துக்கொண்டது. புதருக்குள் அச்சும் இலைக் கட்டும் அகப்பட்டன.

"மகாராஜா, நான் இலையில் வைத்து அழுத்தினேன், அவ்வளவுதான். அச்சு வெட்டியது அவன்!" என்றான் சந்தனம்.

"நான் மரத்தைக் கொத்தினேன், அவ்வளவுதான். ஓர் இலையில்கூட நான் குத்தவில்லை!" என்றான் கொத்தப்பன்.

"நாங்கள் வாங்கினோம், அவ்வளவுதான்" என்று ஒரு முயல் முனகியது.

"ஒவ்வொருவரும் 'அவ்வளவுதான்' செய்திருக்கிறீர்கள். அதனால்தான் குட்டையில் இவ்வளவுதான் தண்ணீர்!" என்றார் ராஜா. "போலி முத்திரை குத்தியவன் குற்றவாளி. எதற்கு என்று தெரிந்தே அச்சு வெட்டியவன் அதே அளவு குற்றவாளி. கள்ள இலை என்று தெரிந்தும் வாங்கிக் காட்டியவனும் தப்ப முடியாது."

"எங்களைத் தின்றுவிடுவீர்களா?" கொத்தப்பனின் குரல் கீச்சிட்டது.

"கால் வலியில் பசியில்லை. கோடை முடியும்வரை சேறு அள்ளுங்கள். உங்களுக்கு இலை கிடையாது. எல்லோரும் குடித்த பிறகு மிச்சம் இருந்தால் குடியுங்கள். தெரிந்து வாங்கியவர்களும் கூலியில்லாமல் கொஞ்ச நாள் தோண்டட்டும். இனி என் கால் வீக்கம் வடியும்வரை வீங்கின முத்திரைதான் செல்லும். பழைய இலை ஒன்றும் செல்லாது!"

அப்போது கூச்சல் கேட்டுப் பொந்திலிருந்து செவ்வந்தி பறந்து வந்தாள். "மகாராஜா, என் இலைகள் நான் உழைத்து வாங்கியவை! அவை நல்ல இலைகள்!"

ராஜா அவளைப் பார்த்தார். முதல்முறையாகக் குரல் தாழ்ந்தது. "இருக்கலாம் அம்மா. கத்தரிக்காய் என்று நான் திட்டியது வெட்டியவனை வெளியே வரவழைக்கத்தான். ஆனால் உன் இலையையும் உன் புருஷன் இலையையும் பக்கத்தில் வைத்தால் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. நான் என்ன செய்ய?"

கொத்தப்பன் தலையைத் தொங்கப்போட்டான். கத்தரிக்காய் என்று திட்டியபோதுகூட இவ்வளவு வலிக்கவில்லை. அவன் வேலை அவ்வளவு சுத்தமாக இருந்ததால்தான் அவன் மனைவியின் உழைப்பு குப்பையாகிப் போனது.

செவ்வந்தி அழவில்லை. "மத்தியானம் நீ முட்டையின் மேல் உட்கார். நான் வேர் இழுக்கப் போகிறேன். மற்ற நேரம் நீ சேறு அள்ளு. புழுவுக்கு ஆசைப்பட்டு நானும் மேற்கொண்டு கேட்காமல் தின்றேன், அதனால் இதோடு விடுகிறேன்" என்றாள்.

மறுநாளிலிருந்து கொத்தப்பன் அலகு நிறையச் சேறு சுமந்தான். பக்கத்தில் சந்தனம் காது வரை சேறோடு தோண்டினான். வாசனை போன இடம் தெரியவில்லை. ஊற்று மெல்ல மெல்லத் திறந்தது.

ஒருநாள் சந்தனம் கிசுகிசுத்தான். "அண்ணே, வீங்கின காலை வெட்டுவது கஷ்டமாமே? உங்களால்கூட முடியாது என்கிறார்கள்!"

கொத்தப்பன் வாயைத் திறந்தான். அலகிலிருந்த சேறு முழுக்கச் சந்தனத்தின் முகத்தில் விழுந்தது.

"முடியும். அதனால்தான் வெட்டமாட்டேன்!" என்றான்.

போலி முத்திரை குத்துகிறவனும் அதற்குத் தெரிந்தே அச்சு வெட்டிக் கொடுக்கிறவனும் ஒரே குற்றத்தைத்தான் செய்கிறார்கள். ஏனென்றால் ஒரு கள்ள முத்திரை நடமாடத் தொடங்கினால், நேர்மையாக உழைத்தவர்கள் கையிலுள்ள நல்ல முத்திரைக்கும் மதிப்பு இல்லாமல் போய்விடும்.