பஸ் போர்டு படித்த பிள்ளை

இதை எனக்கு முதலில் சொன்னது கோமதி அக்கா. என் மூத்தவள் எட்டாம் வகுப்பில் தேறாமல் போன வருஷம், கந்த சஷ்டிக்குத் திருச்செந்தூரில் ஆறு நாள் தங்கி விரதம் இருந்தேன். நாலாம் நாள் பக்கத்தில் பாய் விரித்தவள் அவள். நான் அழுது முடிக்கிற வரைக்கும் பொறுத்திருந்து, "கண்ணைத் துடைச்சுக்கிட்டு இதைக் கேளு" என்று ஆரம்பித்தாள்.

சிவகிரிக்கும் புளியங்குடிக்கும் நடுவில், மலையைப் பார்த்த மாதிரி ஒரு சின்ன ஆசிரமம். அதை நடத்தியவரை எல்லாரும் சாமியம்மா என்பார்கள். வயது நாற்பதுதான். அவரிடம் சீடராக வந்து சேர்ந்த ஆதிமூலம் வாத்தியாருக்கோ ஐம்பத்தெட்டு. முப்பத்து மூன்று வருஷம் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர்.

வந்த அன்றே கேட்டார். "அம்மா, சொல்லிக் கொடுக்காம ஒரு பிள்ளை எப்படிப் படிக்கும்?"

சாமியம்மா சமையல்கட்டுப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே சமைக்கிற வேலம்மாவின் மகள் மாடத்தி, ஏழு வயசு, ஒரு எறும்பு வரிசைக்குப் பின்னாலேயே தவழ்ந்து போய்க்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துக்கு இரண்டு மாதம் போய், அழுது, காய்ச்சலில் விழுந்து, நின்றுபோனவள்.

"அவளைப் பாத்துக்கிட்டிருங்க. கேட்டா, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. கேக்காததுக்கு வாயைத் திறக்காதீங்க. உங்களுக்கு ஜபம், தவம் எல்லாம் அதுதான்."

"இவ்வளவுதானா?"

"முடியுதான்னு பாருங்க."

மாடத்தியின் அப்பா செல்லையா ராஜபாளையத்தில் மூட்டை தூக்குகிறவன். மாசத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போவான். அந்தப் பங்குனியில் வந்தபோது வேலம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்.

"இந்தா பாரு. எனக்கு எழுத்து தெரியாது. எங்கம்மா செத்த அன்னைக்குத் தப்பான வண்டியில ஏறி, நான் போய்ச் சேர்றதுக்குள்ள எடுத்துட்டாங்க. எம்மவளுக்கு அந்தக் கதி வரக்கூடாது. ஆனி மொத வெள்ளி வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள எழுத்துக் கூட்டிப் படிச்சான்னா இங்கேயே இருக்கட்டும். இல்லேன்னா ராஜபாளையம் ஹாஸ்டல்ல விட்டுருவேன்."

"அது எம்முந்தானையை விட்டு ஒரு ராத்திரி இருந்ததில்லையே..."

"பழகிக்கும்."

வாத்தியார் விரல் விட்டு எண்ணினார். மூன்று மாதம். அவர் கையில் கொடுத்தால் முப்பது நாளில் படிக்க வைத்துவிடுவார். ஆனால் வாயைத் திறக்கக்கூடாதே!

மாடத்தி எழுத்துப் பக்கமே போகவில்லை. எறும்பு சலித்ததும் பஸ்ஸைப் பிடித்துக்கொண்டாள். ஆசிரம வாசலில் ஒரு புளியமரம், அதன் அடியில்தான் பஸ் நிற்கும். காலையில் போய் நின்றாளென்றால் சாப்பாட்டுக்குத்தான் வருவாள். திருப்பத்தில் வண்டியின் மூக்கு தெரியும்போதே கத்துவாள்.

"மதுரை! மதுரை! பெரியம்மா, உனக்கில்ல, உக்காரு!"

"ஏட்டி, எப்படிக் கண்டுபிடிச்ச?"

"பச்சை வண்டி, மீசைக்கார டிரைவர், ஹாரன் ஆடு கத்துத மாதிரி இருக்கும்."

எழுத்துத் தெரியாத பெண்கள் அவளை நம்பியே நின்றார்கள். வாத்தியாரும் ஒரு கல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்திரை மாதம் ஒரு நாள், எல்லா வண்டிக்கும் ஒரே நீலத்தை அடித்து அனுப்பிவிட்டார்கள். டிரைவர்களையும் மாற்றிவிட்டார்கள். தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய பொன்னுத்தாய் பெரியம்மாளை மாடத்தி சங்கரன்கோவில் வண்டியில் ஏற்றிவிட்டாள். புளியங்குடி தாண்டி வண்டி வேறு பக்கம் திரும்பிய பிறகுதான் பெரியம்மாளுக்குத் தெரிந்தது. மத்தியானம் வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்து இறங்கினாள்.

"பெரிய கலெக்டர் மாதிரி கைய நீட்டினியே! டாக்டரே வீட்டுக்குப் போயிட்டாரு! இனிமே உன்னை நம்பி ஏறினா என்னைச் செருப்பால அடி!"

மாடத்தி அழவில்லை. முகம் மட்டும் சிவந்துவிட்டது. நேராக வாத்தியாரிடம் வந்து நின்றாள்.

"வாத்தியாரய்யா, வண்டி நெத்தியில எழுதியிருக்கே, அது ஊர் பேரா?"

முதல் கேள்வி! வாத்தியாருக்கு அ, ஆ-விலிருந்து அத்தனையும் தொண்டைக்கு வந்து நின்றது. கேட்டதுக்கு மட்டும் பதில்.

"ஆமா."

"போற ஊரா, வந்த ஊரா?"

"போற ஊர்."

"சரி" என்று ஓடிவிட்டாள். வாத்தியார் ஒரு செம்புத் தண்ணீரை மடக்கு மடக்கென்று குடித்தார்.

அன்றிலிருந்து புளியமரத்தடி மண் முழுக்கக் கோடு. வண்டி நிற்கிற நேரத்துக்குள் பார்த்த வளைவையெல்லாம் குச்சியால் கீறி வைப்பாள். கண்டக்டரிடம் ஊரைக் கேட்டுக்கொள்வாள். அடுத்த வண்டி வந்ததும் சரிபார்ப்பாள், அழிப்பாள், திரும்பக் கீறுவாள். கோழி மிதித்துவிட்டால் கோழியைத் துரத்துவாள். இப்படி ஒரு மாதத்துக்கு மேல் போனது.

வைகாசி கடைசியில் ஒரு காலை, வாத்தியார் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது கத்திக்கொண்டு ஓடி வந்தாள்.

"வாத்தியாரய்யா! வாத்தியாரய்யா! தென்காசி வண்டியோட வாலும் சிவகிரி வண்டியோட தலையும் ஒண்ணு!"

"என்னது?"

"அது 'சி'ன்னு முடியுது, இது 'சி'ன்னு ஆரம்பிக்குது! ரெண்டும் ஒரே படம்! அப்போ அந்தப் படம்தான் 'சி'! நீங்களும் இதைத்தான் படிப்பீங்களா?"

வாத்தியாருக்குக் கண் நிறைந்துவிட்டது. முப்பத்து மூன்று வருஷத்தில் 'சி' என்ற எழுத்துக்காக ஒரு பிள்ளை இப்படிக் குதித்து அவர் பார்த்ததில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் தப்புப் பண்ணிவிட்டார்.

"சபாஷ்டி! இங்க வா, இன்னொரு தடவை சொல்லு!"

அன்று சாயங்காலத்துக்குள் பழைய காலண்டர் தாள்களை ஒட்டி, அதன் பின்பக்கம் இருநூற்று நாற்பத்தேழு எழுத்தையும் எழுதிச் சுவரில் மாட்டிவிட்டார். கையில் பிரம்பு இல்லாத குறைக்கு ஒரு முருங்கைக் குச்சி. பூஜை முடிந்ததும் எல்லார் முன்னாலும் அவளை நிறுத்தி, "அம்மாவுக்குச் சொல்லிக் காட்டு. இது என்ன? அப்போ இது? யோசிச்சுச் சொல்லு. சபாஷ்! எல்லாரும் கை தட்டுங்க!" என்றார்.

முதல் நாள் சொன்னாள். இரண்டாம் நாள் முனகினாள். மூன்றாம் நாள் வயிற்றுவலி என்று அம்மா சேலைக்குள் புகுந்துகொண்டாள். நாலாம் நாள் புளியமரத்தடிக்கே போகவில்லை. மண்ணில் இருந்த கோடுகளைக் கோழிகள் கிளறித் தள்ளின, துரத்த ஆளில்லை.

ஆனி முதல் வெள்ளிக்கு ஆறு நாள்தான் இருந்தது. வாத்தியார் சாமியம்மாவிடம் போய் நின்றார்.

"அம்மா, நல்லா வந்த பிள்ளை திடீர்னு நின்னுட்டா. என்ன செய்யணும்னு தெரியலே."

"மொதல்ல சாப்பிட வாங்க" என்றார் சாமியம்மா.

இலை போட்டு அவரே பரிமாறினார். பரிமாறிவிட்டு, இலைக்கு நேர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து வாத்தியாரின் வாயையே பார்த்தார்.

வாத்தியார் ஒரு வாய் எடுத்தார்.

"சபாஷ்! சாம்பார்ல என்ன காய்?"

"கத்திரிக்காய்..."

"ரொம்ப நல்லது. இன்னொரு தடவை சொல்லுங்க."

"கத்திரிக்காய் அம்மா."

"இப்போ கூட்டு எடுங்க. அவசரப்படாம. மென்னு, முழுங்கி... ஆங், அப்படித்தான்! வேலம்மா, வந்து பாரு, வாத்தியாரய்யா எவ்வளவு அழகாச் சாப்பிடுதாரு! கை தட்டு!"

வேலம்மா கரண்டியோடு வந்து, ஒன்றும் புரியாமல் கை தட்டினாள்.

"போன வாய்ல எத்தனை பருக்கை இருந்திருக்கும்? யோசிச்சுச் சொல்லுங்க."

வாத்தியார் அடுத்த வாய் எடுக்கவில்லை. கையை இலையிலேயே வைத்துக்கொண்டார்.

"என்ன, பசி இல்லையா?"

"பசிச்சுதும்மா. நீங்க இப்படி எதிர்ல உக்காந்து..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

சாமியம்மா எழுந்தார். "ரசம் ஆறிடும்" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

சுவரில் இருந்த தாள்களை அன்றே கழற்றினார் வாத்தியார். ஆனாலும் மாடத்தி வரவில்லை. சனி, ஞாயிறு, திங்கள் என்று நாள் ஓடியது. வாத்தியார் தன் கல்லில் உட்கார்ந்து, வராத பிள்ளைக்காக வருகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு முருகா.

வெள்ளிக்கிழமை பத்து மணி வண்டியில் செல்லையா வந்து இறங்கினான். சட்டைப் பையிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்து மகளிடம் நீட்டினான்.

"படி தாயி."

மாடத்தி தரையைப் பார்த்தாள்.

"தெரிஞ்ச வரைக்கும் படி."

கால் கட்டைவிரலால் மண்ணை நிமிண்டினாள்.

"வாத்தியாரய்யா, நீங்க சொல்லுங்க. எழுத்து தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் தம்பி. நான்தான் நடுவுல புகுந்து கெடுத்துட்டேன்."

செல்லையாவுக்கு அது பிடிபடவில்லை. "சரி. வேலம்மா, அவ துணியை எடு."

வேலம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே இரண்டு பாவாடையையும் ஒரு போர்வையையும் பையில் திணித்தாள். எல்லாருமாகப் புளியமரத்தடிக்கு வந்தார்கள். சாமியம்மாவும் வந்து, கொஞ்சம் தள்ளி வாத்தியார் பக்கத்தில் நின்றுகொண்டார். வாத்தியார் அவர் முகத்தைப் பார்த்தார். அவர் ரோட்டைப் பார்த்தார்.

திருப்பத்தில் ஒரு நீல வண்டி தெரிந்தது. செல்லையா வழக்கம் போலப் பக்கத்தில் நின்றவரிடம் கேட்டான். "அண்ணாச்சி, அது எந்தூரு வண்டி?"

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதற்குள், "கடையநல்லூர்" என்றது ஒரு குரல்.

செல்லையா குனிந்து மகளைப் பார்த்தான். வண்டி வந்து நின்றது. "கடையநல்லூர், தென்காசி ஏறு!" என்று கண்டக்டர் கத்தினார்.

"ஏ பிள்ளை! எப்படிச் சொன்ன?"

"அதுல போட்டிருக்குல்லா. உனக்குத் தெரியலையாப்பா?"

"எனக்கு எங்க தெரியும்? எல்லாம் புழு நெளியுத மாதிரி இருக்கு."

"நெசமாவே தெரியாதா?" மாடத்தியின் கண் விரிந்தது. தன்னைவிட அத்தனை உயரமானவனுக்குத் தெரியாதது ஒன்று தனக்குத் தெரியும் என்பதை அவளால் நம்ப முடியவில்லை. "இங்க வா. குனி. குச்சி எடு."

செல்லையா குனிந்தான். அப்புறம் மண்டியிட்டான். அவள் கீறினாள், அவனும் கீறினான்.

"இது கோணலாப் போச்சு. மூட்டை தூக்குத கையாக்கும்" என்று சிரித்தான்.

"இருக்கட்டும். அந்தா வருது பாரு! மொத எழுத்தை மட்டும் பாரு! மண்ணுல எது மாதிரி இருக்கு?"

"இது... இது மாதிரி... 'சி'யா? சிவகிரியா?"

"ஆமாப்பா!"

"ஏ வேலம்மா! சிவகிரிட்டி! நான் சொல்லிட்டேன்!" அவன் போட்ட சத்தத்தில் கோழியெல்லாம் சிதறியது.

ராஜபாளையம் வண்டி வந்தது. அவர்கள் ஏற வேண்டிய வண்டி. கண்டக்டர் கதவைத் தட்டினார். "ராஜபாளையம்! ஏறுங்கய்யா, ஏறுங்க!"

"கொஞ்சம் பொறுங்கய்யா, இப்பத்தான் 'ரா' பிடிபடுது!" என்றான் செல்லையா, தலையைத் தூக்காமலே.

வண்டி போய்விட்டது. அதற்கடுத்த ராஜபாளையம் வண்டியும் போய்விட்டது. வேலம்மா மெல்ல வந்து அவன் தோளில் கிடந்த பையை எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தாள். அவன் கவனிக்கவே இல்லை.

மூன்றாவது வண்டி வரும் முன்னே எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டான். "மாடத்தி, நான் மட்டும் போயிட்டு வாரேன். வேலைக்கு நேரமாச்சு. வர்ற வெள்ளிக்கிழமையும் வருவேன். மிச்சத்தை அன்னைக்குச் சொல்லித் தா. அழிச்சுராத, என்ன?"

"கோழி அழிச்சா?"

"திரும்பப் போட்டு வை."

வாத்தியார் கைகூப்பி நின்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை அவருக்கு. அந்த நேரம் பார்த்து எதிர்ப் பக்கமிருந்து இன்னொரு வண்டி வந்தது. அந்தத் தடத்துக்குப் புதுசு. நெற்றியில் 'செங்கோட்டை' என்று எழுதியிருந்தது.

"எப்பா, அது சங்கரன்கோவில்!" என்றாள் மாடத்தி, துளிச் சந்தேகம் இல்லாமல். "அந்தா பாரு 'ச', அந்தா 'ங்', அந்தா 'கோ'! நல்லாப் பாத்து வச்சுக்கோ!"

"சங்கரன்கோவில்" என்று செல்லையா கண்ணை மூடி மனப்பாடம் பண்ணினான்.

வாத்தியாரின் கால் தன்னால் ஒரு எட்டு முன்னே போனது. "அம்மா! தப்பாச் சொல்லுதா. அது செங்கோட்டை. நாளைக்கு அவன் வேற ஊர்ல போய் இறங்குவானே! இதைக்கூடத் திருத்தக்கூடாதா?"

சாமியம்மா ரோட்டின் திருப்பத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

"இருங்க வாத்தியாரய்யா. சங்கரன்கோவில் வண்டி பின்னாலேயே வருது."

கதை அவ்வளவுதான். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எந்த ஊர் பஸ் ஸ்டாப்பிலாவது ஒரு பிள்ளை போர்டைப் பார்த்து வாயை அசைத்துக்கொண்டு நின்றால், தயவுசெய்து முந்திக்கொண்டு ஊர் பேரைச் சொல்லிவிடாதீர்கள்.