அமைச்சரின் பேரன் எங்கே தூங்குவான்?

ஆற்றங்கரையில் நாலு கோல் ஊன்றினால் அது நம் நிலம் என்று மனிதர்கள் நினைக்கத் தொடங்கிய காலம் அது, கேளுங்கள். மகுடவர்மன் என்று ஒரு ராஜா. அவனுக்கு நெடுமதியார் என்று ஓர் அமைச்சர்.

செங்காலாறு மழைக்காலத்தில் கால் நீட்டிப் படுக்கிற வெளி ஒன்று இருந்தது. அதில் மண் கொட்டி, நூறு வீடு கட்டி, குடிமக்களுக்குக் கொடுக்கலாம் என்றார் நெடுமதியார்.

எதிர்க்கரைப் பள்ளத்தில் வெள்ளரி போட்டுப் பிழைத்து வந்தாள் குருவம்மாள். படுக்க இடம் பறிபோன ஆறு வேறெங்கே வரும்? அவள் குடிசைக்குத்தான்.

முதல் வருடம் வயிற்றில் பிள்ளையோடு போய் முறையிட்டாள். பண்டிதர்கள் மூன்று நாள் அளந்து, இரண்டு கோடையாய்க் காய்ந்து கிடப்பதால் இது ஆறே அல்ல என்று ஓலை எழுதினார்கள்.

இரண்டாம் வருடம் இடுப்பில் பிள்ளையோடு போனாள். ஆட்சேபம் இருந்தால் ஆறே வந்து சொல்லட்டும் என்றார் அமைச்சர். மூன்று முறை பறையறைந்து கூப்பிட்டார்கள். சித்திரை வெயில், ஆறு வரவில்லை. வழக்கு தள்ளுபடியானது.

மூன்றாம் வருடம் வைகாசியில் மண்வண்டிகள் வந்து நின்றன. பிள்ளையை விரல் பிடித்து நடத்திக்கொண்டு போனாள்.

"மகாராசா, இனி நான் குறுக்கே நிக்கல. முதல் வீட்டை அமைச்சரய்யாவுக்கே குடுங்க. ஐப்பசி அடைமழையில அவரு பேரன் அங்க ஒரு ராத்திரி தூங்கட்டும். விடிஞ்சதும் நானே வந்து மண்ணு சுமக்கிறேன்."

அமைச்சருக்கு நல்ல மரியாதைதான் என்று ராஜா மகிழ்ந்துபோனான், அப்போதே ஆணையிட்டான்.

பேரனுக்குச் சளி என்றார் நெடுமதியார். ஐப்பசிக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறதே என்றான் ராஜா. வாசல் திசை ஆகாது என்றார். மாற்றி வைக்கலாம் என்றான் ராஜா.

"பச்சைப்பிள்ளை தூங்குற இடமா அது? தண்ணி வந்துட்டா?"

சொல்லிய பிறகுதான் அமைச்சருக்குத் தன் குரல் காதில் விழுந்தது. சபை முழுக்க ஒரே இருமல்.

மூன்று நாளில் ஆறில்லை என்று நிரூபித்த பண்டிதர்கள், மூன்றே நாழிகையில் அது ஆறுதான் என்று நிரூபித்தார்கள். அதற்கும் சால்வை வாங்கிக்கொண்டார்கள். வண்டிகள் மண்ணோடு திரும்பின.

அந்த ஐப்பசி முழுக்கக் குருவம்மாள் அடுப்படித் தரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஈரமில்லை. ஆனாலும் பார்த்தாள்.

தன் பிள்ளையைத் தூங்கவைக்கத் துணியாத இடத்தை, ஊரார் பிள்ளைக்குப் பத்திரமான இடம் என்று யாரும் சொல்லக் கூடாது.