இடப்பக்கம் மூடும் வால்வு

காத்தவராயனுக்குத் துரோகம் செய்தவர் தேயிலைக் கம்பெனி மானேஜர் அருணகிரி.

மலையேரியின் கரையடியில் ஒரு பழைய வால்வு இருந்தது. மற்ற வால்வெல்லாம் வலப்பக்கம் திருப்பினால் மூடும். இது இடப்பக்கம் திருப்பினால்தான் மூடும். ஒரு மழை நாளில் குழாய் உடைந்தது. வால்வுக்காரர் காத்தவராயன் ஓடி வருவதற்குள் அருணகிரியே வால்வுச் சாவியை மாட்டி, மூடுவதாக நினைத்து, வலப்பக்கம் முழுமூச்சாகத் திருப்பிவிட்டார். தண்ணீர் ஆலைக்குள் பாய்ந்து, தேயிலைத் தூள் அத்தனையும் கூழாகிப் போனது. பழியைக் காத்தவராயன் தலையில் போட்டு வேலையை விட்டு அனுப்பினார்.

இருபத்திரண்டு வருஷமாகிறது. 'தப்பு என்னுது' என்ற ஒரு வார்த்தை இன்னும் வரவில்லை.

அன்று முதல் காத்தவராயன் செங்கமலத் தாயாரின் மடத்தில் சீடராக இருந்தார். தாயார் அவரைவிடப் பத்து வயது இளையவர்.

ஒரு நாள் அருணகிரி மடத்து வாசலில் வந்து நின்றார்.

"காத்தவராயா, கம்பெனியை மூடுறாங்க. ஏரியையும் குழாயையும் சுத்தியிருக்கிற சோலைக்காட்டையும் இந்தத் தண்ணியைக் குடிக்கிற கீழூருக்கே தானமா கொடுக்கலாமான்னு முதலாளியம்மா யோசிக்கிறாங்க. பங்காளிங்க, குழாயை மட்டும் கொடு, காட்டை ஓட்டல்காரனுக்கு வித்துடுன்னு நிக்கிறாங்க. நாளைக்கு நேர்ல பார்த்து முடிவு பண்ண வராங்க. வால்வை மூடித் திறந்து காட்டணும்."

"படிச்ச பிள்ளைங்க இருக்காங்களே தொரை."

"அவங்க கையில அது அடங்கல."

"உங்க கையிலயும்தான் அடங்கல."

அருணகிரி தன் செருப்பைப் பார்த்தார். இறங்கிப் போனார்.

காத்தவராயன் உள்ளே வந்தார். "நான் போகணுமா தாயி? அவர் எனக்கு ஒரு வார்த்தை பாக்கி."

தாயார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "கீழூர்ல எத்தனை வீடு?"

"முந்நூறு இருக்கும்."

"அவங்க உங்களுக்கு என்ன பாக்கி?"

தாயார் எழுந்துபோய், காத்தவராயன் அன்று கையோடு கொண்டுவந்து போட்டு, கதவுக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்த வால்வுச் சாவியை எடுத்து வந்தார். மடியில் வைத்து எண்ணெய் போட்டுத் துடைத்தார். கீரையைக்கூட அவ்வளவு பக்குவமாக அவர் தொட்டதில்லை.

மறுநாள் காலை முதலாளியம்மா நாச்சம்மை ஏரிக்கரைக்கு வந்தார். காத்தவராயன் சாவியை மாட்டி இடப்பக்கம் திருப்பினார். கீழே குழாயின் இரைச்சல் அடங்கியது. அருணகிரி அந்தச் சாவி சுற்றிய பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பெரியவரே, குழாயும் ஏரியும் போதாதா? காடு எதுக்கு?" என்றார் நாச்சம்மை.

"இதை மூடினா, திறக்க என் கையில சாவி இருக்கு அம்மா." அவர் மறுபக்கம் திருப்பினார். தண்ணீர் மறுபடி இரைந்தது. "அந்தச் சோலைதான் ஏரிக்கு ஊத்து. அதை அழிச்சிட்டா, திறக்க யார்கிட்டயும் சாவி கிடையாது."

நாச்சம்மை சோலையைப் பார்த்தார். பிறகு குனிந்து, ஒரு கை ஏரித் தண்ணீரை அள்ளிக் குடித்தார்.

"ஏரி, குழாய், காடு மூணையும் ஒரே பத்திரத்துல எழுதுங்க. பங்காளிங்ககிட்ட நான் பேசிக்கிறேன்."

எத்தனையோ முதலாளிகளைப் பார்த்தவர் காத்தவராயன். கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது அன்றைக்குத்தான்.

ஜீப்பில் ஏறும்போது அருணகிரி திரும்பினார். "நல்லா மூடினே காத்தவராயா" என்றார். அவ்வளவுதான். ஜீப் போய்விட்டது.

காத்தவராயன் மடத்துக்கு வந்து சாவியைக் கீழே வைத்தார்.

"ஊருக்கு எல்லாம் கிடைச்சுது தாயி. எனக்கு வரவேண்டிய வார்த்தை இன்னைக்கும் வரல. இதை மனசுல மூடிடணும்னு இத்தனை வருஷமா பார்க்கிறேன். முடியல."

"எப்படி மூடப் பார்த்தீங்க?"

"அவர் செஞ்சதைத் திரும்பத் திரும்ப நினைச்சு, இன்னைக்காவது தப்பு தன்னுதுன்னு சொல்வாரான்னு பார்த்துக்கிட்டிருப்பேன்."

தாயார் சாவியை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார்.

"வலப்பக்கமாவே திருப்பிக்கிட்டு இருந்திருக்கீங்க" என்றார்.