கரிச்சான் மைனாவின் குரலில் பேசிய கதை

பறவைகள் எல்லாம் வாய்விட்டுப் பேசி, ஒன்றின் கூட்டுக்கு இன்னொன்று பலகாரம் கொண்டுபோன அந்தக் காலத்தில், ஆற்றங்கரை நாவல் மரத்தில் நீலாயி என்றொரு கரிச்சான் குருவி இருந்தாள். உடம்பு முழுக்க நல்ல கறுப்பு. வெயில் பட்டால் அதில் ஒரு நீலம் ஓடும். பருந்து வந்தால் முதுகில் ஏறிக் கொத்தித் துரத்திவிடுவாள். அவள் இருக்கிற தைரியத்தில்தான் மற்றவர்கள் அங்கே கூடு கட்டினார்கள்.

அந்த வருஷம் நீலாயிக்கு ஒற்றைக் குஞ்சு பிறந்தது. பொடிச்சி என்று பெயர் வைத்தாள். புதுக் குஞ்சைப் பார்க்க வருகிறவர்கள் இறக்கையைத் தூக்கி, உள்பக்கம் என்ன நிறம் என்று பார்ப்பது அந்த மரத்து வழக்கம். முதல் ஆளாக வந்தவள் கீழ்ப் பொந்தில் இருந்த மைனா பொன்னாத்தா. வாயில் கொழுத்த வெட்டுக்கிளி. நல்ல மனசுக்காரி, வெறுங்கையோடு எங்கும் போகமாட்டாள்.

பொன்னாத்தா இறக்கையைத் தூக்கிப் பார்த்தாள். "கறுப்பா இருந்தாலும் என்ன களை! அப்படியே உன்னை உரிச்சு வச்சிருக்கு நீலாயி" என்றாள்.

அடுத்து வந்த புறா, "கறுப்பா இருந்தாலும் நீலாயிக்கு மனசு வெள்ளை, பிள்ளைக்கும் அப்படித்தான் இருக்கும்" என்றாள். சொன்னவர்கள் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. சின்ன வயதிலிருந்தே கேட்டுப் பழகிய நீலாயி எப்போதும்போல் சிரித்து வைத்தாள்.

பொடிச்சி சிரிக்கவில்லை. சிறகு முளைத்தது, வளர்ந்தது, பறக்கும் நாளும் வந்தது. அவளோ இறக்கையை இறுக்கி மூடிக்கொண்டு கிளையில் தத்தித் தத்தித் திரிந்தாள். இன்னும் நாலு நாளில் ஆடிக்காற்று வரும். அதற்குள் பறக்காத குஞ்சு ஆற்றோடு போக வேண்டியதுதான்.

"ஏன்டி விரிக்கமாட்டேங்கிறே?"

"விரிச்சா உள்ளேயும் கறுப்புன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும்ல அம்மா" என்றாள் பொடிச்சி.

இத்தனை நாள் தான் சிரித்து வைத்ததையெல்லாம் பிள்ளை விழுங்கியிருக்கிறாள் என்று அப்போதுதான் நீலாயிக்குப் புரிந்தது. போய்ச் சண்டை போடலாம். ஆனால் பொன்னாத்தா என்ன தப்பு செய்தோம் என்றே தெரியாமல் அழுவாள்.

மறுநாள் பொன்னாத்தாவுக்குக் குஞ்சு பொரித்தது. நீலாயி கொழுத்த வெட்டுக்கிளி ஒன்றைப் பிடித்துக்கொண்டு, பொடிச்சியையும் கிளை கிளையாகத் தத்தவிட்டுக் கூட்டிப்போனாள். மரமே பொந்து வாசலில் கூடியிருந்தது. நீலாயி குஞ்சின் இறக்கையைத் தூக்கினாள், தலையைச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு அச்சு அசல் பொன்னாத்தாவின் குரலிலேயே, அதே இழுப்போடு சொன்னாள்.

"மூக்கு மஞ்சளா இருந்தாலும் என்ன களை! அப்படியே உன்னை உரிச்சு வச்சிருக்கு பொன்னாத்தா."

"மஞ்சளா இருந்தாலுமா?" பொன்னாத்தா மூக்கைத் தடவிக்கொண்டாள். "மஞ்சள் மூக்குக்கு என்னடி குறைச்சல்?"

"எனக்கும் ஒரு குறைச்சலும் தெரியலைக்கா. நீங்க சொன்ன மாதிரியே சொல்லிப் பார்த்தேன்."

தன் குரலை வெளியிலிருந்து கேட்டது பொன்னாத்தாவுக்கு அதுதான் முதல் தடவை. அவள் நீலாயியைப் பார்த்தாள், இறக்கையை மூடி நின்ற பொடிச்சியைப் பார்த்தாள்.

"இதையா நான் வருஷக்கணக்கா சொல்லிக்கிட்டு இருந்தேன்?" என்று கேட்டாள். அடுத்த நிமிஷம் தன் அசட்டுத்தனத்தை நினைத்துச் சிரிக்க ஆரம்பித்தவள், சிரித்துச் சிரித்துக் கிளையிலிருந்து வழுக்கினாள். புறாவுக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

பொடிச்சி சிரித்த சிரிப்பில் கால் பிடி விட்டது. விழுந்தவள் தன்னையறியாமல் இரண்டு இறக்கையையும் விரித்தாள். உள்ளும் புறமும் கறுகறுவென்று, ஓரமெல்லாம் நீலம் மின்ன, ஆற்றுக்கு மேலே ஒரு வட்டம் அடித்துத் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"பொடிச்சி, அழகா இருக்கேடி" என்றாள் பொன்னாத்தா. அவ்வளவுதான் சொன்னாள், முன்னாலும் பின்னாலும் எதையும் சேர்க்கவில்லை.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான். இன்றைக்கும் கரிச்சான் கண்ட பறவையின் குரலிலெல்லாம் கூவுகிறது. தன் குரலை இன்னொரு வாயில் கேட்ட பறவை, தன் வாயை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் காது கொடுக்கிறது.