மூன்று வேட்டியும் ஒன்பது பூசணிக்கொடியும்

ஒரே ஒரு ஊரில், ஊர் முடிந்து கரடு தொடங்குகிற இடத்தில், ஒச்சாயி என்று ஒருத்தி இருந்தாளாம். புருஷன் செத்த அன்றைக்குக் கதவைச் சாத்தினவள். முதல் வருஷம் ஊர்க்காரர்கள் வந்து தட்டினார்கள், அவள் திறக்கவில்லை, அப்புறம் தட்டுவதையும் விட்டுவிட்டார்கள். ஏழு வருஷமாக அந்த வாசலைத் தாண்டி உள்ளே ஆள் வரவில்லை. எத்தனை பேர்? ஒருத்தர்கூட இல்லை.

அவளுக்கு மிஞ்சியது புருஷனுடைய மெல்லிசான மூன்று மல் வேட்டி, ஒரு தோட்டம், அதில் இரண்டு பேருமாக வெட்டின ஒரு கிணறு. அந்தக் கிணற்றின் மேல் அடுத்த தோட்டக்காரன் நாட்டாமை வீரணனுக்குக் கண். அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வருஷத்துக்கு ஒரு பட்டம் விதைப்பு; அப்படி மூன்று பட்டம் விதைத்தும் காய் காணாத தோட்டம் அடுத்த தோட்டக்காரருக்குப் போய்விடும்.

ஒச்சாயி முதல் பட்டம் ஒன்பது பூசணி விதை போட்டாள், செவ்வண்டு வந்து ஒன்பது முளையையும் தின்றது. இரண்டாம் பட்டம் ஒன்பது போட்டாள், ஒன்பதையும் தின்றது. நாட்டாமை வேலியோரம் வந்து நின்றான்.

“இன்னும் ஒரே பட்டம் ஒச்சாயி. அப்புறம் உன் கிணத்துல என் மாடுதான் தண்ணி இறைக்கும்.”

அவள் மூன்றாம் பட்டமும் ஒன்பது விதை போட்டாள். மூங்கில் பிளாச்சுகளை வில்லாக வளைத்து நட்டு, மூன்று வேட்டியையும் மேலே போர்த்தி, ஓரமெல்லாம் மண் போட்டு மூடினாள். வேட்டிக்கு மூன்று கொடி. வெயிலும் தண்ணீரும் துணி வழியாக இறங்கின, வண்டு இறங்கவில்லை. கொடி பந்துபந்தாகச் சுருண்டு வளர்ந்து பூவும் விட்டது.

அப்போது ஒரு தேனீ வந்து, “அக்கா அக்கா, துணியைத் தூக்கு” என்றது.

“போ போ. செவ்வண்டும் இப்படித்தான் வந்துச்சு.”

மறுநாளும் வந்தது. “அக்கா அக்கா, ஒரு ஓரமாவது தூக்கு.”

“போ போ. உனக்கும் றெக்கை, அதுக்கும் றெக்கை.”

மூன்றாம் நாள் ஒச்சாயி உள்ளே எட்டிப் பார்த்தாள். ஒன்பது பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்து கிடந்தன. இரண்டு தரம் எண்ணினாள், ஒன்பதுதான்.

“அக்கா,” என்றது தேனீ, “தின்ன வர்றவன் இலையில உக்காருவான். நான் பூவுலதான் உக்காருவேன். நான் பூவுக்குப் பூ போனாத்தான் பிஞ்சு நிக்கும். நீயும் ஏழு வருஷமா கதவைச் சாத்திக்கிட்டு இருக்கியே, உள்ளே என்ன காய்ச்சுது?”

ஒச்சாயிக்குச் சுருக்கென்றது. துணியைத் தூக்கினாள். அதிலிருந்து தினமும் விடிகாலையில் பூ விரியும்போது தூக்குவாள், பூ வாடினதும் மூடிவிடுவாள். நாட்டாமை எழுந்திருப்பதே வெயில் ஏறின பிறகு அல்லவா, அவன் பார்த்ததெல்லாம் மூடின வேட்டிதான்.

ஒன்பது கொடியிலும் காய் பிடித்தது. மொத்தம் இருபத்தேழு. இலை முற்றிவிட்டது, இனி வண்டுக்குப் பயமில்லை என்று வேட்டிகளை அலசி வேலியில் காயப்போட்டு ஒச்சாயி சந்தைக்குப் போனாள். திரும்பி வந்தால் வேலி வெறுமையாக இருந்தது. யாரிடம் போய்ச் சொல்வாள்? அடுத்த பட்டத்துக்குத் தன் சேலையைக் கிழித்துக்கொண்டாள்.

எடுத்தது யார்? நாட்டாமைதான். ‘அந்தத் துணியிலதான் மந்திரம்’ என்று தன் பூசணிக்கு மேல் போர்த்தி, காவலுக்கு ஆளும் போட்டான். “டேய், ஒரு ஈ எறும்பு உள்ளே போகக்கூடாது!” போகவில்லை, காயும் வரவில்லை. இரண்டாம் பட்டம் இரட்டையாக மடித்துப் போர்த்தினான், காய் இல்லை. மூன்றாம் பட்டம் மும்மடிப்பாகப் போர்த்தினான், கொடியே வெளுத்துப் போயிற்று.

ஊர் கூடிற்று. வழக்கம் வழக்கம்தானே? நாட்டாமை தோட்டம் அடுத்த தோட்டக்காரிக்கு என்று தீர்ந்தது.

மறுநாள் காலையில் வீரணன் வேட்டிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒச்சாயி வாசலுக்கு வந்தான். கதவு திறந்திருந்தது. தேனீ பேசின நாளிலிருந்து காலையில் அது திறந்துதான் இருக்கும், யாரும்தான் வருவதில்லை.

“தாயி, அப்படி என்னதான் மந்திரம் வச்சிருந்தே?”

“பூ விட்டதும் காலையில திறக்கணும். அவ்வளவுதான்.”

“இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே!”

“யாரு வந்து கேட்டீங்க?”

அவன் கக்கத்திலிருந்த வேட்டிகளை நீட்டினான். ஒச்சாயி வேட்டிகளை வாங்கி எண்ணினாள். இரண்டு முழுசாக இருந்தன, மூன்றாவதைக் கரையான் அரித்திருந்தது. அதைக் கொஞ்ச நேரம் மடியிலேயே வைத்திருந்தாள்.

பிறகு எழுந்து, பூசணிக்குழம்பும் சோறும் போட்டுக் கொண்டுவந்தாள். பத்து வருஷத்தில் அவள் வீட்டில் கை நனைத்த முதல் ஆள், அவளிடம் திருடினவன்தான்.

மூட ஒரு நாள் உண்டு, திறக்க ஒரு நாள் உண்டு, கண்ணுகளா. கொடி காய்ந்தது, கதை ஓய்ந்தது, விதை உங்கள் கையில்.