உள்ளங்கை விழும் இடம்

பாடம் கேட்க வந்தவருக்கு அறுபத்தேழு வயது. சொல்லிக்கொடுத்தவளுக்கு முப்பத்தொன்று.

அவர் பெயர் சென்னியப்பன். பம்ப்செட் கம்பெனி ஒன்றில் இரும்பு வார்ப்புக்கு மர அச்சு செய்தவர். முப்பத்தாறு வருடம் அதே வேலை. இப்போது ஓய்வு. அவள் ரெஜினா. கோவையின் கணபதிப் பகுதியில், ஒரு மாடி அறையில் டிசைன் கடை வைத்திருந்தாள். கல்யாண பேனர், கடைப் பெயர்ப்பலகை, வண்டி ஸ்டிக்கர் எல்லாம் அங்கே கம்ப்யூட்டரில் உருவாகி, அச்சாகிப் படியிறங்கும்.

முதல் நாள் அவர் சுருட்டிய காகிதம் ஒன்றோடு வந்தார். மேசைமேல் விரித்து, நான்கு மூலையிலும் கையில் கிடைத்ததை வைத்தார். ஆளுயர மரப்பெட்டி ஒன்றின் வரைபடம். முகத்துக்கு நேரே திரை. திரைக்குக் கீழே சரிவாக ஒரு பலகை. பலகையில் ஒரு ஜாய்ஸ்டிக், ஆறு பட்டன்கள். பழைய வீடியோ கேம் கடைகளில் காசு போட்டு நின்றுகொண்டே ஆடுவார்களே, அந்தப் பெட்டி.

"பெட்டி நானே செஞ்சுட்டனுங். உள்ள ஒரு சின்னக் கம்ப்யூட்டரும் மாட்டியாச்சு. மேல ஒட்டற படந்தான் பாக்கி."

"ஃபோட்டோவைக் குடுத்துட்டுப் போங்க ஐயா. ரெண்டு நாள்ல செஞ்சு தர்றேன்."

"வேண்டாமுங் அம்மிணி. நானே பண்ணோணும். சொல்லிக் குடுங்க."

"யாருக்குங்க இது?"

"மகளுக்கு. கோகிலவாணி. பெங்களூர்ல வேலை. அடுத்த மாசம் கனடா போயிருது. அதுக்கு முன்னால இந்த மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வருது. ஒரே ஒரு நாள்."

சொல்லிவிட்டுத் தயங்கினார். பிறகு கேட்டார்.

"பாத்த ஒடனே ஒருத்தர் மனசு எளகற மாதிரிப் படம் எப்படிங் போடறது?"

ரெஜினா அளவு டேப்பை எடுத்தாள்.

"மொதல்ல பெட்டி எவ்வளவு அகலம், அதைச் சொல்லுங்க."

அதுதான் முதல் பாடம்.

தினமும் காலை பத்து மணிக்கு வந்தார். மவுஸை அவர் பிடித்த பிடியில் அது நகரவே பயந்தது.

"அது அரம் இல்லீங்க ஐயா. தேய்க்க வேண்டாம். தொட்டாப் போதும்."

"அரத்தைத் தேய்ச்சாத் தூளாச்சும் விழும். இதுல என்ன விழுகுது?"

"என் மவுஸுதான் விழும். கையைத் தளர்த்துங்க."

வெட்டும் கோட்டைத் தாண்டி, நாலா பக்கமும் ஐந்து மில்லிமீட்டர் கூடுதலாகப் படம் இருக்க வேண்டும் என்று ஒருநாள் சொன்னாள்.

"வெட்டி எறியறதுக்கா வரையறது?"

"கத்தி கொஞ்சம் நகர்ந்துட்டா ஓரத்துல வெள்ளைக் கோடு தெரியுங்க."

அவர் யோசித்தார். "இரும்பு ஆறுனாச் சுருங்கும். அதனால மர அச்சைக் கொஞ்சம் பெருசாவே செய்வோம். அந்த மாதிரி."

"அதேதான். பாருங்க, எனக்கு நீங்க பாடம் எடுக்கறீங்க."

அன்று அவர் கொஞ்சம் சிரித்தார். மூன்று வாரத்தில் அவள் பார்த்த ஒரே சிரிப்பு அது.

பெட்டியின் இரண்டு பக்கங்களுக்கும் மலையும் நட்சத்திரமும் வைத்தார். உச்சியில், விளக்கு எரியும் இடத்தில், மகளின் பெயரை மஞ்சள் எழுத்தில் எழுதினார். எல்லாம் அச்சாகி, ஒட்டியும் ஆகிவிட்டது. ஜாய்ஸ்டிக்கும் பட்டனும் இருக்கிற அந்தச் சரிவுப் பலகை மட்டும் மிச்சம். அதற்கு நான்கு நாள் எடுத்துக்கொண்டார்.

நாலாம் நாள் கூப்பிட்டுக் காட்டினார். திரையில் பதினாலு வயதுப் பெண் ஒருத்தி. இரட்டைச் சடை, சிவப்பு ரிப்பன், பள்ளிச் சீருடை. வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் படத்துக்கப்புறம் அவ சிரிச்ச படம் எங்ககிட்ட இல்லீங்" என்றார். உடனே விரலால் பட்டன் இடங்களைக் காட்டினார். 

"ஓட்டை எல்லாம் எங்கெங்க வருதுன்னு குறிச்சுக்கிட்டுத்தான் மொகத்தை வெச்சேன். பட்டனுக்குக் கீழ, வலது பக்கம் வெறும் எடம். ஒரு ஓட்டைகூட மொகத்துல படாது. அரை மில்லி தப்பாதுங்."

ரெஜினா வெகுநேரம் திரையையே பார்த்தாள்.

"படம் அழகா இருக்குங்க ஐயா."

"அப்பச் சரிங்களா?"

"நாளைக்குப் பலகையை எடுத்துட்டு வாங்க. சோதனைக்கு ஒரு தாள் அடிச்சுப் பாத்துருவோம்."

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஞாயிறுக்கு இன்னும் இரண்டு நாள். பலகையைத் தோளில் வைத்து அவர் படியேறி வந்தார். அச்சு எந்திரத்திலிருந்து தாள் இளஞ்சூட்டோடு வெளியே வந்தது. அதன் ஓரத்தைப் பிடித்து மெல்லப் பலகைமேல் விரித்தார். வட்டங்களைப் பிளேடால் அறுத்தார். பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பொருத்தினார். ஜாய்ஸ்டிக்கை நிறுத்தினார். சொன்னது சொன்னபடியே, ஒரு ஓட்டையும் முகத்தைத் தொடவில்லை.

"ஆடுங்க ஐயா."

"நானா? எனக்கென்ன தெரியும்?"

"ஆடத் தெரிய வேண்டாம். ஆடறவங்க எப்படிக் கை வெப்பாங்களோ அப்படி வைங்க. போதும்."

"மை இன்னும் காயலீங்களே."

"சோதனைதானே. வைங்க."

அவர் பலகை முன் நின்றார். இடது கையால் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தார். வலது கை விரல்களைப் பட்டன்கள்மேல் பரப்பினார்.

"நல்லா அழுத்துங்க. எதிர்ல சண்டைக்கு ஒருத்தன் நிக்கறான்னு நெனச்சுக்கங்க."

அவர் அழுத்தினார். டப் டப்பென்று பட்டன்கள் சத்தமிட்டன.

"ஐயா, பாப்பா எங்க?"

அவருக்குக் கேள்வி புரியவில்லை. குனிந்து பார்த்தார்.

வலது உள்ளங்கைக்கு இரு பக்கமும் சிவப்பு ரிப்பன் நீட்டிக்கொண்டிருந்தது. நடுவில் முகம் இல்லை. கை இருந்தது.

காய்ச்சிய இரும்பைத் தொட்டவர்போலக் கையை இழுத்துக்கொண்டார். ஈர மை கையோடு வந்தது. கன்னத்திலிருந்து முகவாய்வரை நிறம் இழுபட்டிருந்தது. சிரிப்பு இருந்த இடத்தில் ஓர் உள்ளங்கையின் ரேகைகள்.

"பாத்தீங்களா, இதுக்குத்தான் சோதனைன்னேன், ஆடறவங்க கை..." என்று சிரித்தபடி தொடங்கிய ரெஜினா அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

"ஒங்களுக்கு யாரு சொன்னது?"

"என்னதுங்க ஐயா?"

"யாரு சொன்னதுன்னு கேக்கறேன்."

"யாரும் எதுவும் சொல்லலீங்க. உள்ளங்கை விழற எடம் அது. எந்தப் பெட்டியிலயும் அங்கதான் விழும்."

அவர் பின்னால் நகர்ந்தார். நாற்காலி இடித்தது. உட்கார்ந்தார். வலது கையை முழங்கால்மேல் மல்லாத்தி வைத்து அதையே பார்த்தார். ரெஜினா துடைக்கத் துணி நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"காந்திபுரத்துல ஒரு கேம் கடை. படியிறங்கிக் கீழ போகோணும். புள்ள அங்க இருக்குதுன்னு யாரோ சொன்னாங்க. ஸ்கூல் யூனிஃபார்மோட நின்னுட்டிருந்தா. சுத்தியும் பத்துப் பதினஞ்சு பசங்க. கைதட்டறாங்க, விசிலடிக்கறாங்க. அதுவரைக்கும் அந்தக் கடையில யாரும் போகாத எடத்துக்கு ஆட்டத்துல இவ போயிட்டாளாம். எனக்கு அது தெரியாதுங். பசங்கதான் தெரிஞ்சாங்க. பேர் சொல்லிக் கூப்பிட்டேன். அவ திரும்பலை. 'ஒரு நிமிசம் அப்பா, ஜெயிச்சிருவேன்'னா."

ரெஜினா துணியை மேசைமேல் வைத்தாள்.

"அத்தனை பேர் முன்னாலயும் அடிச்சேன். இந்தக் கை. அவ அழுகலை. கையப் புடிச்சு இழுத்துட்டு வர்றேன், அவ என்னையப் பாக்கவே இல்லீங். திரும்பித் திரும்பி அந்தத் திரையத்தான் பாத்தா. அதுல இருந்த பொம்மை ஆளில்லாம நின்னு அடிவாங்கிச் செத்துட்டிருந்துது."

மல்லாத்திய கையை மூடினார்.

"பத்தொம்பது வருசமாச்சு. சண்டையெல்லாம் இல்லீங். சாப்டியா கண்ணுன்னா, 'ஆச்சுங்கப்பா'ம்பா. எப்ப வர்றேன்னா, 'சொல்றனுங்கப்பா'. அவ்வளவுதான். கேட்டதுக்குப் பதில். அவளா ஒரு வார்த்தை பேசுனதில்லை."

ரெஜினாவின் கை வாய்மேல் இருந்தது. அது எப்போது அங்கே போனதென்று அவளுக்குத் தெரியாது. படம் வைத்த இடத்திலுள்ள பிழையைக் காட்டத்தான் அவரைக் கை வைக்கச் சொன்னாள். அவ்வளவுதான் நினைத்தாள்.

அவளும் உட்கார்ந்தாள். யாரோ பேனர் கேட்டுப் படியேறி வந்து, இருவரையும் பார்த்து, பிறகு வருகிறேன் என்று போனார்கள்.

"மொகத்தை வேற எங்க வெக்கட்டுமுங்?" என்று சென்னியப்பன் கேட்டார். "திரைக்கு மேல?"

"அவங்க மொகத்தை அவங்களுக்கே காட்டறதுக்கா ஐயா இந்தப் பெட்டி?"



ரெஜினா எழுந்துபோய்க் கம்ப்யூட்டரில் புதிதாக ஒரு பக்கம் திறந்தாள். அதே அளவு. முழுக்கக் கருநீலம்.

"இதுல என்ன வருமுங்?"

"ஒண்ணும் வராது. கை வெக்கற எடம்."

"வெறும் நீலமா? நாளைக்கழிச்சு அவ வந்துருவா. நான் என்னதான் சொல்றது அவகிட்ட?"

அவள் எழுந்து நாற்காலியை அவருக்கு விட்டாள். "ஓட்டைகளை வரைங்க."

அவர் வரைந்தார். வலது கையின் மை மவுஸிலும் ஒட்டிக்கொண்டது. ஒரு ஜாய்ஸ்டிக். ஆறு பட்டன்கள். அளவு பார்க்கவில்லை. மனப்பாடம்.

"வலது பக்கமா நகர்த்துங்க."

நகர்த்தினார்.

"இப்ப இடது பக்கம் இன்னொண்ணு."

"இன்னொண்ணு எதுங்?"

"இன்னொரு ஜாய்ஸ்டிக். இன்னும் ஆறு பட்டன்."

"இது ஒருத்தர் ஆடற பெட்டிங்க."

"ஆமாங்க. ஒருத்தர் ஆடற பெட்டியாத்தான் செஞ்சிருக்கீங்க."

"பலகையே மாத்தோணுமே."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள முடியாதுங்களா?"

"மரவேலை அரை நாள். அதைப் பத்தி இல்லீங்." அவர் வரைந்துகொண்டே போனார். ஏழாவது வட்டத்தை முடித்துவிட்டுக் கையை எடுத்தார். திரையின் இடது பக்கத்தைப் பார்த்தார்.

"இங்க யாரு நிப்பாங்க?"



அவர் நாற்காலியோடு திரும்பினார். அவர் கண்கள் பெரிதாகியிருந்தன.

"நானா? அம்மிணி, எந்தப் பட்டன் எதுக்குன்னே எனக்குத் தெரியாது. அவ பதினாலு வயசுலயே அத்தனை பேரைத் தாண்டிப் போனவ. மொத நிமிசத்துலயே தோத்துருவேன். அவ முன்னால ஒண்ணுந் தெரியாம முழிச்சுட்டு நிப்பேன்."

ரெஜினா அச்சு எந்திரத்தில் புதுத் தாளை மாட்டினாள்.

"அதை அவங்க பாக்கட்டும் ஐயா."