வானம்பாடி மண்ணில் கூடு கட்டிய கதை

அந்தக் காலத்தில், பறவையும் மனிதரும் ஒரே பேச்சுப் பேசிய நாளில், ஒரு மலையடிவாரத்தில் பன்னிரண்டு யூதக் குடும்பங்கள் உழுது பிழைத்தன. ஆறு வருடம் விதைப்பார்கள். ஏழாம் வருடம் நிலத்துக்கு ஓய்வு. ஏர் இறங்காது, வேலிப் படல் திறந்தே கிடக்கும், தானாக விளைந்ததை யாரும் தின்னலாம், காட்டு விலங்கும்கூட. இறைவன் கட்டளை அது.

ஒருமுறை ஆறாம் வருட விளைச்சலை வெட்டுக்கிளி மொட்டையடித்துவிட்டது. பின்னாலேயே ஓய்வு வருடம் வந்து நின்றது. அக்சாள் என்ற உழவுப் பெண் வழக்கம்போலவே தன் வேலிப் படலைக் கழற்றி வைத்தாள்.

அங்கே ஒரு வானம்பாடி வந்தது. அந்நாளில் வானம்பாடி மரத்தில்தான் கூடு கட்டும், தாழத்தான் பறக்கும்.

“அம்மா, மரத்தில் இட்ட முட்டையெல்லாம் காக்கைக்கே போகிறது. உன் வயலில் கூடு கட்டட்டுமா? ஏர் வருமா?”

“இந்த வருடம் வராது. தைரியமாகக் கட்டு” என்றாள் அக்சாள்.

குளிர்காலம் முடிவதற்குள் குதிர் காலியானது. பிள்ளைகள் பசியில் துவண்டார்கள். அவள் கணவன் எல்தாத், விதைக்கென்று ஒதுக்கிய ஒரே மூட்டை வாற்கோதுமையைத் தோளில் போட்டுக்கொண்டு, காளைகளைப் பூட்டி வயலுக்கு வந்தான். அக்சாள் ஓடிப்போய்க் கூட்டின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

“எழுந்திரு! இந்த மூட்டையைத் தின்றால் பத்தே நாள், விதைத்தால் வருடம் முழுக்கச் சாப்பாடு. பிள்ளைகள் கிடக்கிற கிடையைப் பார்த்தாயா?”

“பெற்றவள் பார்க்காமல் இருப்பேனா? நிலத்துக்கு ஓய்வு தருகிறோம் என்று இறைவனிடம் சொன்னோம். இந்தக் குருவியிடம் நானே சொன்னேன். ஓட்டத்தான் வேண்டுமென்றால் என் மேல் ஓட்டுங்கள்.”

எல்தாத் கலப்பையை விட்டான். மண்ணிலேயே உட்கார்ந்து அழுதான்.

அடைகாத்துக்கொண்டிருந்த வானம்பாடிக்குப் பொறுக்கவில்லை. சட்டென்று எழுந்து, தன் இனம் அதுவரை தொடாத உயரத்துக்குச் செங்குத்தாக ஏறியது. சிறகு நோக மலைக்கு அப்பால் பார்த்தது. அங்கிருந்தே பாட்டாகக் கூவியது: “பாறைப் பிளவில் காட்டு அத்தி! கிளை ஒடியப் பழம்! வாருங்கள், வாருங்கள்!”

பன்னிரண்டு குடும்பமும் மலையேறியது. ஒருவரும் பதுக்கவில்லை. அன்றன்றைக்கு வேண்டியதைப் பறித்து, நரிக்கும் விட்டுவைத்தார்கள். ஒரு பிள்ளையும் சாகவில்லை. எட்டாம் வருடம் அந்த விதை மூட்டை பிரிக்காமலே வயலுக்குப் போனது.

அன்று முதல்தான் வானம்பாடி மரத்தை விட்டு மண்ணில் கூடு கட்டுகிறது. பாடிக்கொண்டே நேர் மேலே ஏறுகிறது. அந்த மலையடிவாரத்து உழவர்களும், அதன் கூட்டைக் கண்டால், இன்றைக்கும் ஏரை வளைத்துத்தான் ஓட்டுகிறார்கள்.